பழைய வேனிலிருந்து ஏ.சி.யைக் கழற்றும் முன்: ஒரு வாயுவின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். உங்களில் ஏ.சி. மெக்கானிக் வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

கேம்பர் வேன் என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய், ராத்திரி அதிலேயே தூங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் முப்பது, நாற்பது வருடப் பழைய கேம்பர் வேன்களை வாங்கிச் சீர்செய்வது பலருக்குப் பிரியமான வேலை. அப்படிச் சீர்செய்பவர்கள் முதலில் கை வைப்பது, ஓடாமல் கிடக்கும் ஏ.சி.யில்தான். அங்கே இருக்கும் நம் மாணவர் ஒருவர் 1980களின் வேன் ஒன்றை வாங்கிவிட்டு, "சார், நாலு போல்ட்தானே, கழற்றிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

போல்ட்டைக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் வாயுவுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அது தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். 1947 ஏப்ரலில் பென் பான் என்ற டச்சு வணிகர் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போனார். தன் குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வேனின் கோட்டுப்படத்தை வரைந்தார். எஞ்சின் பின்னால், ஓட்டுநர் முன்னால், நடுவில் முழுக்கச் சரக்கு. இவ்வளவுதான் அந்தப் படம். 1950 மார்ச்சில் அந்த வேன் உற்பத்திக்கு வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தொடங்கியது. கேம்பர் வேன் உலகப் புகழ் பெற்றது இந்த வண்டியால்தான்.

அது குளிர்நாட்டில் பிறந்த வண்டி. ஏ.சி.யைப் பற்றி அதை வடிவமைத்தவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அது அமெரிக்காவுக்குப் போய் அரிசோனா, டெக்சாஸ் வெயிலில் ஓட வேண்டியிருந்தது. இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து 40 டிகிரி வெயிலில் போனால் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வண்டிக்குள் குளிர்ச்சி தேடியது அதற்கும் முந்தைய கதை. 1930களிலேயே அமெரிக்கப் பாலைவனப் பகுதிகளில் கார் ஜன்னலுக்கு வெளியே உருளை வடிவக் கூடு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதற்குள் தண்ணீரில் நனைந்த நார் இருக்கும். கார் ஓடும்போது காற்று அந்த ஈரத்தின் வழியாக உள்ளே வரும். நம் வீட்டு மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியும் வேலை செய்யும் அதே விதிதான். தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் ஸ்பிரிட்டைக் கையில் தடவி ஊதச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அதுவேதான். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் இது பலிக்காது. டெல்லியில் வேலை செய்யும் ஏர்கூலர் சென்னையில் ஏமாற்றுவது இதனால்தான்.

உண்மையான ஏ.சி.யை முதலில் காரில் பொருத்தி விற்றது பேக்கார்டு என்ற அமெரிக்க நிறுவனம். 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். விலை 274 டாலர். குளிரூட்டும் பெட்டி டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதை நிறுத்த சுவிட்ச் வேலைக்கு ஆகாது. எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். வண்டி ஏ.சி. பிறந்தபோதே கழற்றும் வேலையும் கூடவே பிறந்துவிட்டது என்று சொல்லலாம். ஒன்றிரண்டு ஆண்டுகளில் பேக்கார்டு அதைக் கைவிட்டது.

1954இல் நாஷ் நிறுவனம் எல்லாப் பாகங்களையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. அதன்பின் வேகம் பிடித்தது. 1969இல் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏ.சி.யோடு வந்தவை.

இனி அந்த வாயுவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆரம்பகாலக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்களைப் பயன்படுத்தினார்கள். மூன்றும் நச்சு. ராத்திரி சமையலறையில் குழாய் கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த குடும்பமே இறந்துபோன சம்பவங்கள் 1920களில் நடந்தன. அப்படிப்பட்ட வாயுவை மூடிய கார் ஒன்றுக்குள் யார் வைப்பார்கள்?

நச்சு இல்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயுவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லியிடம் வந்தது. 1928இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கார்பன், குளோரின், ஃப்ளூரின் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை எட்டினார்கள். சுருக்கமாக சி.எஃப்.சி. அதில் முக்கியமானது ஆர்-12. ஃப்ரியான் என்ற வணிகப் பெயரில் வந்தது. மைனஸ் 30 டிகிரியை ஒட்டியே கொதித்து ஆவியாகும். 1930இல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது. மூச்சில் இழுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நச்சு இல்லை, தீயும் பிடிக்காது என்பதை ஒரே ஊதலில் காட்டிவிட்டார்.

அது பொய்யான சோதனை அல்ல. மனித நுரையீரலுக்கு அந்த வாயு நல்லதுதான் செய்தது. எத்தனையோ வீடுகளில் உயிரிழப்பைத் தடுத்தது. வரலாற்றைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். பிற்காலத்தில் தீங்கென்று தெரிந்த பொருட்களில் பல, முதலில் வேறொரு தீங்கைப் போக்கத்தான் வந்தன. (பெட்ரோலில் ஈயத்தைக் கலக்க வழி சொன்னவரும் இதே மிட்ஜ்லிதான். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இந்த ஆர்-12தான் கார்களுக்கும், பின்னர் கேம்பர் வேன்களுக்கும் போனது. ஃபோக்ஸ்வாகன் வேனின் மூன்றாம் தலைமுறை 1979இல் வந்தது. அமெரிக்காவில் அதற்கு வானகன் என்று பெயர். 1991 மாடல் வரை அங்கே விற்றது. அதில் எஞ்சினும் கம்ப்ரசரும் பின்னால். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் முன்னால். கூலிங் காயில் இருக்கும் பெட்டி பின்பக்கக் கூரையடியில், படுக்கைக்கு மேலே. ஆகவே வாயு போய்வரும் குழாய்கள் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். குழாய் நீள நீள இணைப்புகள் கூடும். இணைப்பு கூடக் கூடக் கசிவும் கூடும். முப்பது வருடத்தில் ரப்பர் வளையங்கள் காய்ந்துவிடும். ஏ.சி. செத்துவிடும். பெட்டி மட்டும் தலைக்கு மேல் தொங்கும். அதனால்தான் கழற்றுகிறார்கள். எடை குறையும், எஞ்சினுக்குச் சுமை குறையும், அந்த இடத்தில் துணிமணி வைக்க ஒரு அலமாரி கிடைக்கும்.

இது ஒருபுறம் இருக்க, வானத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1974 ஜூனில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலிருந்து ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மொலினா என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி. வெளியே போன சி.எஃப்.சி. எல்லாம் எங்கே போகிறது? அது எதோடும் வினைபுரியாது, தண்ணீரில் கரையாது, மழையிலும் இறங்காது. பாதுகாப்பானது என்று எந்தக் குணத்தைப் புகழ்ந்தோமோ, அந்தக் குணமே அதை அழியாமல் மேலே மேலே போகவிட்டது. மேலே போனதும் சூரியனின் புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். குளோரின் அணு விடுபடும். அது ஓசோனை உடைத்துவிட்டு, தான் மாறாமல் மீண்டும் அடுத்த ஓசோனுக்குப் போகும். இப்படி ஒரே ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடும்.

வானத்தில் பரவியிருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினால் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். நம் தோலையும் கண்ணையும் பயிர்பச்சையையும் காப்பது அவ்வளவுதான்.

உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகள் மறுத்தார்கள். கணக்கு மட்டும்தானே இருக்கிறது, கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 1985 மே மாதம் அதற்கும் பதில் வந்தது. அண்டார்டிகாவில் ஹாலி ஆய்வு நிலையத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்காக ஓசோனை அளந்து குறித்துவைத்திருந்தார்கள். ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவர் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் பெருமளவு குறைந்துகொண்டே போயிருந்தது. "சார், தினமும் ஒரே அளவை எதற்கு எழுத வேண்டும்?" என்று வகுப்பில் கேட்பீர்களே, அதற்கு இதுதான் விடை. தினமும் எழுதிய நோட்டுதான் உலகத்தைத் திருப்பியது.

1987 செப்டம்பர் 16இல் கனடாவின் மாண்ட்ரியலில் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த நாளைத்தான் உலக ஓசோன் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. ரோலண்டுக்கும் மொலினாவுக்கும், அவர்களுக்கு முன்பே ஓசோன் வேதியியலை ஆராய்ந்த பால் குருட்சனுக்கும் 1995இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக்கு இதில் என்ன பங்கு? ஓசோனைக் குறைத்ததில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது, மாற்றுவதற்கான செலவை ஏழை நாடுகள் மட்டும் எப்படிச் சுமப்பது என்று இந்தியா கேட்டது. 1990இல் லண்டன் கூட்டத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை உறுதியாக வாதாடினார். வளரும் நாடுகளுக்கு உதவும் நிதி அங்கே முடிவானது. 1992இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்த ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்ட் முதல், ஆஸ்துமா மருந்துக் குப்பி போன்ற விதிவிலக்கு தவிர, நாடு முழுவதும் அந்த உற்பத்தி நின்றது. ஏதோ அந்நிய நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1992 ஜூலை 1 முதல், ஏ.சி.யைப் பழுதுபார்க்கும்போதோ கழற்றி அப்புறப்படுத்தும்போதோ ஆர்-12 போன்ற வாயுவைத் தெரிந்தே காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். 1995 முடிவோடு புதிய ஆர்-12 உற்பத்தியும் நின்றது. விலை ஏறியது. மயாமி துறைமுகம் வழியாக ஆர்-12 கடத்தல் நடந்தது. போதைப்பொருளுக்கு அடுத்த பெரிய கடத்தல் இதுதான் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கார்கள் ஆர்-134ஏ என்ற வாயுவுக்கு மாறின. அது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். அதையும் குறைக்க 2016இல் கிகாலியில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது.

இந்த வரலாறு தெரிந்தால், கழற்றும் முறை தானாகவே விளங்கும்.

முதலில், எந்த வகை ஏ.சி. என்று பார்க்க வேண்டும். கூரைமேல் பெட்டியாக உட்கார்ந்திருப்பது ஒரு வகை. வெளி மின்சாரத்திலோ ஜெனரேட்டரிலோ ஓடும். அதில் வாயு முழுவதும் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். எந்தக் குழாயையும் பிரிக்காமல், மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளிருந்து போல்ட்டுகளைத் தளர்த்தி, முழுதாக இறக்கிவிடலாம். அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கை வைக்கக் கூடாது. எடை 40 கிலோ அளவில் இருக்கும். இருவர் இல்லாமல் தூக்கக் கூடாது. எடுத்த பின் கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை தெரியும். அங்கே காற்றோட்ட மின்விசிறிகளும் அதே அளவில் வருவதால், அந்த இடத்தில் ஒன்றைப் பொருத்தி, மழை இறங்காமல் பசைப் பட்டை வைத்து அடைக்கலாம். இறக்கிய பெட்டியைக் காயலான் கடையில் அப்படியே போட்டுவிடக் கூடாது. உள்ளே வாயு இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வகை, எஞ்சின் ஓட்டும் ஏ.சி. வானகன் வேனில் இருப்பது இது. இங்கே குழாயைப் பிரிக்காமல் எதையும் எடுக்க முடியாது. ஆகவே போல்ட்டுக்கு முன் வாயு. அதற்குரிய சான்று பெற்ற பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், கருவியால் வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் எடுக்கச் சொல்ல வேண்டும். "பல வருடமாக ஓடவில்லை, காலியாகத்தான் இருக்கும்" என்று நினைத்து நட்டைத் தளர்த்தக் கூடாது. குளிர்ச்சி தராத ஏ.சி.யிலும் மிச்ச வாயு அழுத்தத்தோடு இருக்கலாம். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். ஆர்-12 விலை ஏறிய காலத்தில் சிலர் தீப்பிடிக்கும் வாயுக் கலவைகளையும் நிரப்பினார்கள். ஆகவே உள்ளே இருப்பது எது என்பதையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

வாயு வெளியேறிய பின்தான் மற்றவை. பேட்டரியைத் துண்டித்து, பெல்ட்டை எடுக்க வேண்டும். அதற்கு முன், அதே பெல்ட் வேறெதையாவது சுழற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்ப்ரசர், குழாய்கள், கூரைப்பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுக்கலாம். பிரித்த ஒவ்வொரு குழாய் வாயையும் உடனே மூடிவைத்தால் பாகங்கள் ஈரம் ஏறாமல் இன்னொருவருக்குப் பயன்படும். கூரைப்பெட்டியிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் போன வழியையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வழியாகத் துரு தொடங்கும்.

ஒரு கிலோ ஆர்-12ஐக் காற்றில் விட்டால், வெப்பமூட்டும் கணக்கில் பத்து டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். அது காற்றில் சுமார் நூறு ஆண்டு தங்கும். ஒரு நிமிடச் சோம்பலுக்கு நம் பேரன் பேத்திகளின் பிள்ளைகள் வரை கணக்குக் கட்ட வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் தெருவில் யாரிடமும் கேம்பர் வேன் இல்லை. ஆனால் ஏ.சி. இருக்கிறது. வாடகை வீடு மாறும்போது கழற்றுகிறோம். பழைய பிரிட்ஜை எடைக்குப் போடுகிறோம். இரும்புக்கும் தாமிரத்துக்கும் ஆசைப்பட்டுக் குழாயை வெட்டும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்கும்போது ஹாலி நிலையத்தின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்காக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்றும் முன், மெஷினை ஓடவிட்டு வால்வை மூடி, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் பிடித்து அடைப்பது உங்களுக்குத் தெரியும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போகாதீர்கள். வாடிக்கையாளருக்கு மீண்டும் கேஸ் நிரப்பும் செலவும் மிச்சம். இப்போது வரும் ஆர்-32, ஆர்-290 வாயுக்கள் ஓசோனுக்குத் தீங்கு செய்யாதவை, ஆனால் தீப்பிடிக்கக்கூடியவை. ஆர்-290 என்பது புரோப்பேன்தான். பீடியோ கேஸ் வெல்டிங்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "சீக்கிரம் முடிப்பா" என்று அவரை விரட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். முறையாகச் செய்பவருக்குக் கூலி குறைவாகக் கிடைத்தால், முறை தெரியாதவர்தான் தொழிலில் நிற்பார்.

நல்ல செய்தியோடு முடிக்கிறேன். உலக விஞ்ஞானிகள் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040 வாக்கில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும். அண்டார்டிகாவுக்கு மேலே 2066 வாக்கில் திரும்பும். எல்லா நாடுகளும் சேர்ந்து ஒன்றைச் செய்தால் நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அதை நடத்திக் காட்டியதில் மாநாட்டில் கையெழுத்திட்டவர்களுக்கு எவ்வளவு பங்கோ, குழாயை வெட்டாமல் வாயுவைப் பிடித்து வைத்த பெயர் தெரியாத மெக்கானிக்குகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஏ.சி., பிரிட்ஜ் வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் ஊரில் பழைய வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பட்டறை இருந்தால் அதையும் சொல்லுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.